பொறியியல் வேண்டாம், டிசைன் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால்: விண்ணப்பம் முதல் சேர்க்கை வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் வரும், மே மாதம் டிஎன்இஏ பதிவு, அதன்பின் கலந்தாய்வு. இந்த வரிசைக்கு நம் வீடுகள் நன்றாகப் பழகிவிட்டன. அதனால்தான் கல்லூரிப் பேச்சு வந்தாலே "முதலில் ரிசல்ட் வரட்டும்" என்ற பதில் வருகிறது. டிசைன் படிப்புக்கு அந்தப் பதில் உதவாது. பிளஸ் டூ வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் அக்டோபரிலேயே விண்ணப்பங்கள் திறக்கின்றன. பொதுத் தேர்வு தொடங்குவதற்குள் முக்கியமான நுழைவுத் தேர்வுகளில் முதல் கட்டமாவது முடிந்துவிடும். ரிசல்ட் வந்தபின் விசாரிக்கத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டு இல்லை.

ஆகவே இப்படி ஒரு விருப்பத்தைப் பிள்ளை சொன்னதும் வீட்டில் செய்ய வேண்டிய முதல் காரியம் விவாதத்தை முடிப்பது அல்ல, அதைத் தள்ளிவைப்பது. விண்ணப்பிப்பது வேறு, சேருவது வேறு. "விண்ணப்பம் போடுவோம், தேர்வு எழுது, சேருவதை ஜூனில் பேசிக்கொள்வோம்" என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் போதும். யூசீட், என்ஐடி, நிஃப்ட் என்ற மூன்று முக்கிய நுழைவுத் தேர்வுகளுக்கும் (விவரம் படி 2இல்) சேர்த்து விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் ஆகும். அந்தப் பணத்துக்கு ஏழெட்டு மாத நிதானம் கிடைக்கிறது. தீபாவளிவரை சண்டை போட்டுவிட்டு, சம்மதம் சொல்லும்போது கடைசித் தேதி போயிருப்பதுதான் வீட்டுக்கு வீடு நடக்கும் தவறு.

படி 1: பிள்ளை எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிசைன் என்று ஒரே சொல்லில் பல தொழில்கள் அடங்கியிருக்கின்றன. மிக்சி, நாற்காலி, மருத்துவக் கருவி போன்ற பொருள்களை உருவாக்குவது புராடக்ட் டிசைன். எழுத்துரு, புத்தகம், அறிவிப்புப் பலகை, பொட்டலத்தின் மேலுறை எல்லாம் கம்யூனிகேஷன் டிசைன். செயலியின் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இன்டராக்‌ஷன் டிசைன். துணி, தோல், ஆடை, அனிமேஷன், வாகனம் என்று இன்னும் தனித்தனிப் பாதைகள் உண்டு. "எனக்கு டிசைன் பிடிக்கும்" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இவற்றில் எது இருக்கிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் உடனே வராது, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

விருப்பம் உண்மைதானா என்று பார்க்க விசாரணை உதவாது, வேலை கொடுத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள பொருள் ஒன்றைக் கொடுத்து, அது ஏன் அப்படி இருக்கிறது, எங்கே தொல்லை கொடுக்கிறது, எப்படி மாற்றலாம் என்று நாலு பக்கம் வரைந்து எழுதச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குடத்தையே எடுத்துக்கொள்ளலாம். கழுத்து ஏன் குறுகியிருக்கிறது? தூக்கி நடக்கும்போது தண்ணீர் தளும்பக் கூடாது, இடுப்பில் வைத்தால் கை சுற்றிப் பிடிக்கவும் வேண்டும். வாய் ஏன் வெளியே விரிந்திருக்கிறது? குழாயடியில் பிடிக்க, தூக்க, ஊற்ற. அதே குறுகிய கழுத்தால் உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியாமல் பாசி பிடிக்கிறது. இப்படி ஒரு பொருளோடு இரண்டு சனிக்கிழமை உட்கார முடிகிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும். அழகாக வரையத் தெரிந்தும் இதில் சலித்துப்போகிற பிள்ளைக்கு டிசைனைவிட நுண்கலைக் கல்லூரி பொருந்தலாம். இரண்டும் வேறு வேறு படிப்பு.

வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. மென்பொருள் நிறுவனங்கள், வாகன நிறுவனங்கள், வீட்டு உபயோகப் பொருள் தயாரிப்பவர்கள், கடிகாரம், நகை, ஆடை நிறுவனங்கள் டிசைனர்களை எடுக்கின்றன. எல்லாக் கல்லூரிக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. அந்தக் கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கும் இருவரிடம் பேசி, அவர்கள் வகுப்பில் யார் யார் எங்கே போனார்கள் என்று கேட்பது விளம்பரத்தைவிட நம்பகமானது.

படி 2: எந்தத் தேர்வு, யார் எழுதலாம்

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் என்ஐடி என்று வருவது 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம். திருச்சியில் உள்ள பொறியியல் கல்லூரி அல்ல. இ-சேவை மையத்திலும் உறவினர் பேச்சிலும் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும், விண்ணப்பத் தளத்தின் முகவரியைச் சரிபாருங்கள்.

யூசீட் (UCEED): இளநிலை டிசைன் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, மும்பை ஐஐடி நடத்துகிறது. மும்பை, டெல்லி, குவஹாட்டி, ஹைதராபாத், ரூர்க்கி, இந்தூர் ஐஐடிகளிலும் ஜபல்பூரில் ஐஐஐடிடிஎம் என்ற மத்திய அரசுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் நான்காண்டு பி.டிஸ் (இளநிலை டிசைன் பட்டம்) படிக்க இதுதான் வழி. எல்லாம் சேர்த்தாலும் சில நூறு இடங்கள்தான். அறிவியல், வணிகவியல், கலை என்று எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். அதிகபட்சம் இரண்டு முறை, அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் மட்டும். ஜேஇஇ தேவையில்லை. ஐஐடி என்றாலே ஜேஇஇ என்று நினைத்துக்கொண்டு வணிகவியல் குரூப் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை.

என்ஐடி டாட் (டிசைன் ஆப்டிட்யூட் டெஸ்ட்): அகமதாபாத்துடன் ஆந்திரம், ஹரியாணா, மத்தியப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களில் உள்ள என்ஐடிகளுக்கும் ஒரே தேர்வு. முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். வயது வரம்பு இருபது. எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 3 ஆண்டும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. பெங்களூரு வளாகத்தில் இளநிலைப் படிப்பு இல்லை, முதுநிலை மட்டும்தான். பக்கத்தில் இருக்கிறதே என்று அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்): சென்னை தரமணியில் 1995 முதல் வளாகம் உள்ளது. ஆடை மட்டுமல்ல, தோல் வடிவமைப்பு, அணிகலன், துணி, ஃபேஷன் கம்யூனிகேஷன் ஆகியவையும் உண்டு. பி.டிஸ் படிக்க எந்தப் பிரிவும் போதும், பி.எஃப்.டெக் (ஃபேஷன் தொழில்நுட்பப் பட்டம்) படிக்கப் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். வயது வரம்பு 24. எழுத்துத் தேர்வுகளுக்குப் பின், தேர்வானவர்களுக்குக் கையால் மாதிரி செய்யும் சிச்சுவேஷன் டெஸ்ட்.

மூன்றையும் தமிழில் எழுத முடியாது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது தடை போலத் தோன்றலாம். ஆனால் தேர்வில் பெரும்பகுதி படமும் தர்க்கமும்தான். ஆங்கிலத்தில் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்வதும், வரைந்த படத்துக்கு அம்புக்குறி போட்டு இரண்டு வரி எழுதுவதும் வந்தால் சமாளிக்கலாம்.

படி 3: நாட்காட்டி

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. செப்டம்பர் அக்டோபரில் என்ஐடி, யூசீட் விண்ணப்பம். டிசம்பரில் என்ஐடி முதல்நிலை. ஜனவரியில் ஒரு ஞாயிறு யூசீட். குளிர்காலத்திலேயே நிஃப்ட் விண்ணப்பமும் முடிந்து, பிப்ரவரியை ஒட்டித் தேர்வு. அதே நேரத்தில் பள்ளியில் திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடக்கும். மார்ச்சில் பொதுத் தேர்வு. கோடையில் என்ஐடி முதன்மைத் தேர்வும் நிஃப்ட் சிச்சுவேஷன் டெஸ்டும்.

மார்ச் மாதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. யூசீட் முடிவு வந்து, தகுதி பெற்றுவிட்டால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. பி.டிஸ் சேர்க்கைக்கு இன்னொரு விண்ணப்பம், தனிக் கட்டணத்தோடு, விருப்ப வரிசையோடு போட வேண்டும். அந்தத் தளம் திறந்திருப்பது பெரும்பாலும் பொதுத் தேர்வு நடக்கும் வாரங்களில். பிள்ளை வேதியியல் படித்துக்கொண்டிருக்கும், மின்னஞ்சலைத் திறந்தே பார்த்திருக்காது. நல்ல தரவரிசை வாங்கியும் இடம் இழப்பது இங்கேதான். இந்த ஒரு வேலையைப் பெற்றோர் தம் பொறுப்பாக எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

படி 4: சான்றிதழ்கள்

நம்மூர்ப் பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இது. தமிழக அரசு கொடுக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களின் ஓபிசி இடத்துக்குச் செல்லாது. அங்கே கேட்பது ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயர் எனப்படும் வசதியான பிரிவில் வராத ஓபிசி) என்ற தனிச் சான்றிதழ், மத்திய அரசு படிவத்தில். முதலில் உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் அதே பெயரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெறலாம்.

கிரீமி லேயர் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இதைக் கேட்டதும் "எங்கள் சம்பளமே அதைத் தாண்டுகிறது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பள வருமானமும் விவசாய வருமானமும் சேராது. அதேசமயம், பெற்றோரில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ பணியில் சேர்ந்தவராக இருந்தாலோ, இருவருமே நேரடியாக குரூப் பி பணியில் சேர்ந்தவர்களாக இருந்தாலோ வருமானம் எவ்வளவானாலும் கிரீமி லேயர்தான்.

சான்றிதழின் தேதியும் முக்கியம். குறிப்பிட்ட ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று தகவல் கையேட்டில் இருக்கும். நவம்பரில் விண்ணப்பத்துக்குச் செல்லுபடியான சான்றிதழ், அடுத்த ஏப்ரலைத் தாண்டிச் சேரப் போகும்போது பழையதாகிவிடலாம். ஆகவே ஜூலை ஆகஸ்ட்டில் ஒன்று, தேவைப்பட்டால் அடுத்த ஏப்ரலில் இன்னொன்று. விஏஓ, ஆர்ஐ, வட்டாட்சியர் என்று கோப்பு நகர வாரக்கணக்கில் ஆகும். கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.

டிஎன்இஏவுக்கு எப்போதும்போல மாநில சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். இரண்டு வகையையும் தனித்தனி உறையில் போட்டு மேலே எழுதிவையுங்கள்.

படி 5: விண்ணப்பத்தை நிரப்புதல்

நம் பெயர்களில் முன்னெழுத்து இருக்கிறது, படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் கவின் ம என்று இருக்கும், ஆதாரில் கவின் மாரிமுத்து, வங்கிக் கணக்கில் எம் கவின். படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், இடைவெளி மாறாமல் எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்று தளம் அடம்பிடித்தால் முன்னெழுத்தையே அங்கே இடலாமா என்று அந்தத் தேர்வின் கேள்வி-பதில் பக்கத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஆதாரில் பெயரோ பிறந்த தேதியோ வேறாக இருந்தால் விண்ணப்பம் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்திவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் நிரப்பினால், அங்கிருப்பவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் போட்டுவிடுவதுண்டு. பிறகு ஓடிபி அவருக்குப் போகும், ஹால் டிக்கெட் தகவலும் அவருக்கே போகும். பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் உருவாக்கி, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பெற்றோர் கைப்பேசியிலும் திறந்து வையுங்கள். நாலு ஆண்டு மாறாத எண்ணைக் கொடுங்கள்.

புகைப்படம் சமீபத்தியதாக, வெள்ளைப் பின்னணியில், காது தெரிய இருக்கட்டும். கையெழுத்தை வெள்ளைத்தாளில் கறுப்பு அல்லது நீல மையில் போட்டு, வெட்டி ஏற்றுங்கள். கோப்பின் அளவு கேபியில் குறிப்பிட்டிருப்பார்கள், மீறினால் தளம் ஏற்காது, மிகவும் சுருக்கினால் முகம் மங்கி நிராகரிக்கப்படும். பணம் கழிந்தும் "நிலுவை" என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஒருநாள் காத்திருந்து நிலவரத்தைப் பாருங்கள். இதற்காகத்தான் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கட்டச் சொல்வது. யூசீட் கட்டணம் பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிதான்.

படி 6: தயாரிப்பு

யூசீட் மூன்று மணி நேரம். முதல் பகுதி கணினியில் இரண்டு மணி நேரம், 200 மதிப்பெண். இரண்டாம் பகுதி ஒரு மணி நேரம், 100 மதிப்பெண், தாளில் கையால் வரைவது. முதல் பகுதியில் எண்ணை நேரடியாக எழுதும் கேள்விகளுக்குத் தவறான விடைக்கு மதிப்பெண் கழியாது, ஒன்றையும் விடாமல் எழுதலாம். மற்ற இரு வகையிலும் (ஒரு விடையைத் தேர்வது, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்வது) கழியும். முதல் பகுதியில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டாதவர்களின் ஓவியத்தைத் திருத்தவே மாட்டார்கள். ஓவியத்தில் கெட்டிக்காரர் என்று அதையே நம்பியிருக்கும் பிள்ளைகள் தோற்பது இங்கேதான். மடித்த தாளை வெட்டி விரித்தால் எப்படி இருக்கும், இந்தத் திண்மத்துக்கு எத்தனை முகங்கள், பல்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்ற மாதிரிக் கேள்விகள். பழைய வினாத்தாள்கள் யூசீட் தளத்திலேயே இலவசமாக உள்ளன. நேரம் வைத்து ஐந்தாறு தாள் போட்டுப் பார்த்தாலே எங்கே பலவீனம் என்று தெரியும். அதன்பிறகு பயிற்சி மையம் தேவையா என்று முடிவு செய்யுங்கள். முன்பணமாகப் பெரிய தொகை கேட்கும் மையத்தில் முதல் நாளே கட்டிவிட வேண்டாம்.

வரைவதற்கு ஜூலையிலிருந்து தினம் முக்கால் மணி நேரம் போதும். எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில், ஏ4 வெள்ளைத்தாள் ஒரு ரீம், ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள் கொஞ்சம். திரையில் பார்த்த படத்தைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட்டு எதிரில் உள்ளதை வரைய வேண்டும்.

டபரா டம்ளரிலிருந்து தொடங்கலாம். மேசைமேல் வைத்துக் கண் மட்டத்திலிருந்து பார்த்தால் டம்ளரின் வாய் ஒரு கோடாகத் தெரியும். கொஞ்சம் மேலிருந்து பார்த்தால் ஒடுங்கிய நீள்வட்டம். அடிப்பாகம் கண் மட்டத்திலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் அதன் வளைவு வாயைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் வாயை வட்டமாக வரைந்துவிட்டு அடியை நேர்கோடாக முடிப்பார்கள். பார்த்த மாத்திரத்திலேயே பொருள் சாய்ந்துபோன மாதிரி இருக்கும். இதைத் திருத்தினால் குக்கர், வாளி, சக்கரம் எல்லாம் சேர்ந்தே திருந்தும்.

அடுத்து மனித உருவம். வளர்ந்தவரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, ஐந்து தலை உயரம் மாதிரி. குழந்தையைக் குட்டையான பெரியவராக வரைவது வழக்கமான பிழை. பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, நிற்பவர், மூட்டை தூக்குபவர், படிக்கட்டில் ஏறுபவர் என்று ஒருவருக்கு இரண்டு நிமிடம் கணக்கில் கோட்டுருவமாக வரையட்டும். பிறகு வீட்டுக்கு வந்து அதே காட்சியை நினைவிலிருந்து, பேருந்தை இருபுள்ளித் தொலைவுமுறையில் (டூ பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ்) வைத்து முழுப்படமாக்கட்டும். தொலைவில் நிற்பவர்களின் தலையெல்லாம் ஏறக்குறைய ஒரே கண்மட்டக் கோட்டில் வருகிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்தால் போதும். அது வரையத் தெரியாதவர் கண்ணுக்கும் படும்.

மாதிரி செய்யும் தேர்வுக்கு வீட்டில் அட்டை, நூல், ஸ்ட்ரா, தீக்குச்சி, ஐஸ் குச்சி, கம்பி, களிமண் வைத்துப் பழகலாம். நேரம் தீரும்போது மாதிரி சரிந்து விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பசை. ஃபெவிகால் காய நேரம் எடுக்கும். அதனால் பசை இல்லாமல் இணைக்கும் வழிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். அட்டையில் பாதிவரை வெட்டு போட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகுவது, மடித்து விறைப்பேற்றுவது, நூலால் கட்டுவது. தேர்வுக்கூடத்துக்கு எந்தக் கருவியை எடுத்துப் போகலாம் என்பது ஹால் டிக்கெட்டில் இருக்கும், அதைத் தாண்டி ஒன்றும் வேண்டாம்.

ஜனவரி பிறந்ததும் ஓவியப் பயிற்சியைக் குறைத்துப் பள்ளிப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்தான் அடுத்த படிக்கு மூலதனம்.

படி 7: மாற்று வழிகள்

டிஎன்இஏ பதிவைக் கட்டாயம் போடுங்கள். பிள்ளையிடமும் இதை முன்பே சொல்லி, "உன்னை நம்பாமல் போடுவதல்ல இது, இடங்கள் குறைவு என்பதால் போடுகிறோம்" என்று புரியவையுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வை எழுதி பி.ஆர்க் பக்கமும் ஒரு காலை வைக்கலாம்.

எழும்பூரில் 1850இல் தொடங்கிய அரசு நுண்கலைக் கல்லூரியும், கும்பகோணம் அரசு நுண்கலைக் கல்லூரியும், மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும் அரசுக் கட்டணத்தில் படிக்கக்கூடியவை. விஷயம் தெரிந்த குடும்பங்கள் இவற்றை இரண்டாம்தரமாக நினைப்பதில்லை. காலணி, தோல் பொருளில் ஆர்வம் இருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் எஃப்டிடிஐ (காலணி வடிவமைப்பு, மேம்பாட்டு நிறுவனம்) வளாகம் இருக்கிறது.

தனியார் டிசைன் கல்லூரி என்றால் முதல் கேள்வி, பட்டத்தை யார் தருகிறார்கள்? சில நிறுவனங்கள் தாங்கள் சான்றிதழ் மட்டும் கொடுத்து, பட்டத்தை வேறு ஏதோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஏற்பாடு செய்வதாகச் சொல்லும். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் வாங்கி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் பாருங்கள். பட்டறையில் என்ன இயந்திரங்கள் இருக்கின்றன, மாணவர்கள் அதைத் தொடுகிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்தால், அரைமணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இந்த ஆண்டு எதுவும் அமையவில்லை என்றால் எங்கும் சேராமல் அடுத்த ஆண்டே மறுபடி எழுதலாம், யூசீட்டில் இரண்டாம் வாய்ப்பு அடுத்த ஆண்டோடு முடிந்துவிடும். அல்லது பொறியியலோ கட்டடக்கலையோ முடித்துவிட்டு சீட் (CEED) என்ற முதுநிலை டிசைன் நுழைவுத் தேர்வை எழுதி ஐஐடியில் எம்.டிஸ் சேரலாம், அதற்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.ஆர்க் முடித்து மும்பை ஐஐடிக்கு எம்.டிஸ் படிக்கப் போனவர். வீட்டில் சமரசம் பேசும்போது இந்த வழியை இரு தரப்பும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் "முதலில் பி.இ. முடி" என்று வற்புறுத்துவதற்கான சாக்காக அதைப் பயன்படுத்தினால், நான்காண்டு மனமில்லாப் படிப்பில் மதிப்பெண்ணும் போகும், ஆர்வமும் போகும்.

படி 8: பணம்

மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் அரசுக் கலைக் கல்லூரி மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். என்ஐடியிலும் நிஃப்டிலும் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும். கட்டணப் பட்டியலை அந்த ஆண்டுத் தளத்திலிருந்து இறக்கி, விடுதி, உணவு, வரைகலைக்குத் தாங்கும் லேப்டாப், ஒவ்வொரு பருவத்துக்கும் மரம், துணி, அக்ரிலிக், அச்சு என்று போகும் பொருள் செலவு, ரயில் எல்லாம் சேர்த்து நான்காண்டுக் கணக்குப் போடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுவது நல்லது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் ஐஐடி போன்ற உயர்கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழக அரசே ஏற்கும் என்று 2022இல் அறிவித்தது. சேர்ந்திருக்கும் நிறுவனம் அதில் வருகிறதா என்று தலைமையாசிரியர் வழியாகவோ மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ கேளுங்கள். 2024இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானம் இல்லாமல் கல்விக்கடன் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம்வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

கடனை நம்பி முதல் கட்டணத்துக்குக் காத்திருக்கக் கூடாது. இடம் ஒதுக்கியதும் சில நாள்களுக்குள் ஒப்புதல் கட்டணம் கட்ட வேண்டும், வங்கி அதற்குள் நகராது. சீட்டு எடுப்பதோ நகைக்கடனோ, அந்த முதல் தொகைக்கான ஏற்பாடு மே மாதமே தயாராக இருக்க வேண்டும்.

படி 9: ஒதுக்கீடு, சேர்க்கை

விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படி எழுதுங்கள். போன ஆண்டுக் கட்ஆஃபைப் பார்த்து "கிடைக்கக்கூடியதை" மேலே போட்டால், அதுவே ஒதுக்கப்பட்டுவிடும், அதற்குக் கீழே எழுதிய நல்ல இடத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். வரிசை போடுவதைப் பிள்ளையிடம் விடுங்கள். மொழி தெரியாத ஊர், உணவு, தொலைவு பற்றிய கவலைகளை அதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பொறியியல் இடமும் டிசைன் இடமும் ஒரே சமயத்தில் கையில் இருந்தால், எதை விடுவது என்ற முடிவுக்கு அந்தந்தக் கலந்தாய்வின் விலகும் கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்குள் எழுத்துமூலம் விலகினால் பெரும்பகுதிப் பணம் திரும்பும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ள ஏஐசிடிஇ, யுஜிசி விதிகளில் இடமில்லை. சரிபார்க்கக் கொடுத்தால் அங்கேயே நின்று திரும்ப வாங்கிவிடுங்கள்.

மாநில வாரியத்தில் படித்தவர்கள் வெளிமாநிலத்தில் சேரும்போது இடப்பெயர்வுச் சான்றிதழ் (மைக்ரேஷன் சர்டிஃபிகேட்) கேட்பார்கள். அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வர வேண்டும், பள்ளியில் கிடைக்காது. ரிசல்ட் வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். டிசி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பட்டியல்கள், ஓபிசி-என்சிஎல் அல்லது சாதிச் சான்றிதழ், ஆதார், ஒதுக்கீட்டுக் கடிதம், கட்டண ரசீது, மருத்துவச் சான்று, ஒரு டஜன் புகைப்படம். எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ், கைப்பேசியில் ஒரு ஸ்கேன் பிரதி. தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை நோட்டரியிடம் சான்று வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் முன் வீட்டிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.